பெயரை வாசித்தபோது மேடைக்கு யாருமே வரவில்லை

2025 பிப்ரவரியில் எங்கள் பகுதிக் குளிர்காலத் திருவிழாவில், பல வருடங்களாக உழைத்துவரும் தன்னார்வலர்களைக் கௌரவிக்கும் பொறுப்பை நான் ஒருத்தியாக எடுத்துச் செய்தேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். ஆனால் நடந்தது வேறு. என் கையிலிருந்து 630 டாலர் போனது. மூன்று மாதங்களில் எப்படியும் அறுபது மணி நேரம் செலவாகியிருக்கும். அதைவிட, இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தத் திருவிழாவின் சமையலறையில் நின்ற ஒரு பெரியம்மாவின் மனதை நோகடித்துவிட்டேன். இதையெல்லாம் யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன். கோயில் கமிட்டியோ தமிழ்ச் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ, எங்கே இருந்தாலும் இப்படியொரு வேலை உங்கள் கைக்கு வரலாம். அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவின் தலைநகர் ஒட்டாவாவின் மேற்கே ஒரு புறநகர்ப் பகுதி. ஒட்டாவா என்றால் எல்லோரும் வின்டர்லூட் திருவிழாவைச் சொல்வார்கள். 1979-லிருந்து அரசே நடத்தும் பெரிய விழா அது. ரிடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் தூரத்துக்கு அதன்மேல் ஸ்கேட்டிங் செய்வார்கள். ஆனால் அதைத் தவிர, பல குடியிருப்புப் பகுதிகளில் அந்தந்த ஊர்க்காரர்களே நடத்தும் சின்னக் குளிர்காலத் திருவிழா ஒன்று இருக்கும். பூங்காவில் ஒரு திறந்தவெளி ஸ்கேட்டிங் ரிங்க் (உறைபனித் தளம்), பக்கத்தில் ஷூ மாற்றிக்கொள்ள ஒரு சிறிய கட்டடம், நெருப்புக் குழி, குழந்தைகளுக்குச் சறுக்குப்பலகைப் பந்தயம், ஹாட் சாக்லேட், பனியின்மேல் ஊற்றும் மேப்பிள் பாகு. அவ்வளவுதான். எங்கள் திருவிழா 1990-களின் நடுவில் தொடங்கியது. நடத்துபவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. ரிங்க்கைப் பராமரிப்பதும் பகுதி மக்கள்தான். நகராட்சி அதற்கென ஒரு சிறு தொகை தரும், அது ஹோஸ் பைப்புக்கும் மண்வெட்டிக்கும் சரியாகப் போகும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. 2014-ல் இங்கே வந்தோம். முதல் நான்கு வருடங்கள் அந்த ரிங்க் பக்கம் போனதே இல்லை. குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டோம். ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளி முடிக்க ஒவ்வொரு பிள்ளையும் 40 மணி நேரம் சமூகப் பணி செய்தாக வேண்டும். என் மகள் அதற்காகத் திருவிழாவில் சேர்ந்தாள், துணைக்குப் போன என்னை மேப்பிள் பாகு மேசையில் நிறுத்திவிட்டார்கள். அடுப்பில் மேப்பிள் சிரப்பைக் காய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். 113 டிகிரி வாக்கில் வந்ததும் சுத்தமான பனியின்மேல் நீளமாக ஊற்றினால் இறுகும், குச்சியில் சுருட்டிக் குழந்தையிடம் கொடுக்கலாம். அங்கே தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகிய கைக்கு உருட்டுப் பதம் தெரியாதா? ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, இப்போது ஊற்றலாம் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, “அடுத்த வருடமும் நீங்கள் வர வேண்டும்” என்றார். அந்தப் பெரியம்மாதான் பின்னால் என்னால் மனம் நொந்தவர்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ரிங்க்குக்குத் தண்ணீர் விடுகிற பெரியவர், எழுபது வயதைத் தாண்டியவர். திறந்தவெளி ரிங்க் என்பது ஒரே நாளில் உறைந்துவிடும் குளம் இல்லை. முதலில் பனியை மிதித்து இறுக்கித் தளம் போட வேண்டும். அப்புறம் நல்ல குளிர் பிடித்த பிறகு, இரவு எல்லோரும் போனதும், மெல்லிய படலமாகத் தண்ணீர் தெளித்து அது உறையும்வரை பொறுத்து, அடுத்த படலம் விட வேண்டும். ஒரேயடியாக நிறைய ஊற்றினால் மேலே மட்டும் ஓடு போல உறைந்து அடியில் வெற்றிடம் விழும், குழந்தையின் கால் சிக்கிக்கொள்ளும். இந்த மனிதர் இதைப் பத்தொன்பது குளிர்காலங்களாகச் செய்துவந்தார். 2023 குளிர்காலத்தில் கால்வாய் ஸ்கேட்டிங் பாதையே ஒருநாள்கூடத் திறக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அது ஆரம்பித்ததிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. அடுத்த வருடமும் சில நாட்கள் மட்டுமே திறந்திருந்தது. கால்வாய்க்கே அந்தக் கதி என்றால் எங்கள் ரிங்க் எம்மாத்திரம்? 2024 பிப்ரவரியில் ஒரு காலை நடக்கப் போனபோது, அந்தப் பெரியவர் தனியாக நின்று உருகிய தண்ணீரை ரப்பர் துடைப்பானால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. ஸ்கேட்டிங் நடக்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த மனிதரைப் போன்றவர்களை ஒரு தடவையாவது மேடையேற்றி மரியாதை செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அந்த நவம்பரில், திருவிழாவை நடத்தும் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். யார் செய்வது என்ற கேள்வி வந்ததும் அறை அமைதியானது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் முதல் தவறு இதுதான். நான் அங்கே ஆறு வருடங்கள்தான் இருந்திருக்கிறேன். முப்பது வருடக் கதையில் இருபத்து நாலு வருடம் எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட வேலையைக் குறைந்தது இரண்டு பேராவது எடுக்க வேண்டும், அதில் ஒருவர் பதினைந்து வருடமாவது அங்கே இருந்தவராக இருக்க வேண்டும். புதியவர் ஓடியாடிச் செய்யலாம். யார் யார் என்ன செய்தார்கள் என்பது பழையவருக்குத்தான் தெரியும். அன்று யாரும் முன்வரவில்லை என்றால், வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டிருக்கலாம். ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

பட்டியல் எப்படித் தயாரித்தேன் என்றால், சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளைச் செயலாளரிடம் வாங்கி, மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து படித்தேன். பத்து வருடத்துக்கு மேல் பெயர் வந்தவர்களை எழுதினேன். பதினான்கு பேர் தேறினார்கள். நான் மிகவும் ஒழுங்காகச் செய்ததாக நினைத்துக்கொண்டேன். கூட்டக் குறிப்பில் யார் பெயர் இருக்கும்? கூட்டத்துக்கு வந்தவர் பெயர் இருக்கும், தீர்மானம் முன்மொழிந்தவர் பெயர் இருக்கும், தலைவர், பொருளாளர் பெயர் இருக்கும். சமையலறையில் பெரிய பாத்திரத்தில் சூப் கிளறியவர் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார். விழாவன்று காலை ஐந்து மணிக்கு வருவார், இரவு பாத்திரம் கழுவிவிட்டுப் போவார். குறிப்பில் “சிற்றுண்டி ஏற்பாடு நன்றாக இருந்தது, நன்றி” என்று ஒரு வரி இருக்கும். யாருக்கு நன்றி என்று இருக்காது. அந்த வரியை நானே பல வருடக் குறிப்புகளில் பார்த்தேன். அது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெரியம்மா பக்கத்தில் ஆறு வருடம் நின்றிருந்தும் தோன்றவில்லை. அவர் எப்போதும் அங்கே இருந்ததால், அவரை ஒரு தன்னார்வலராக நான் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதும்போது இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

பட்டியல் எடுப்பதற்கு வேறு வழிகள் உண்டு என்று பின்னால்தான் புரிந்தது. கட்டடத்தின் சாவி யார் யாரிடம் இருந்தது என்று விசாரியுங்கள். சாவி வைத்திருப்பவர்தான் விடியற்காலையில் வந்து திறப்பவர். பழைய புகைப்படங்களை மேசையில் பரப்பி, பின்னணியில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பவர் யார், மண்வெட்டி பிடித்திருப்பவர் யார் என்று கேளுங்கள். பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரிடமும், “உங்களோடு வேலை செய்தவர்களில் நான் விட்டுவிட்ட இருவரைச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் பதினான்கு பேரில் பாதிப் பேராவது அந்தச் சமையலறைப் பெரியம்மாவைச் சொல்லியிருப்பார்கள். அப்புறம், பட்டியலை விழாவுக்கு ஒரு மாதம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று நான் ரகசியமாக வைத்திருந்தேன். அதனால் பட்டியலைத் திருத்த யாருக்கும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

ஜனவரியில் பதினான்கு வீடுகளுக்கும் கடிதம் அனுப்பினேன், நல்ல தாளில், கையால் முகவரி எழுதி. ஒரு வாரத்தில் ஒரு தொலைபேசி வந்தது. ஒரு வயதான பெண்மணி. தன் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்று மெதுவான குரலில் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன், வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் என்னைத் தேற்றினார். ஆனால் தபால் பெட்டியிலிருந்து அந்த உறையை எடுத்து, இறந்துபோன கணவரின் பெயரைப் பார்த்த நிமிடம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? கடிதம் எழுதும் முன் ஒவ்வொருவரையும் பற்றி யாராவது ஒருவரிடம் விசாரித்துவிடுங்கள். இறந்தவர்களுக்கும் மரியாதை செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ஆனால் அது குடும்பத்தாரிடம் முதலில் நேரில் பேசி, அவர்கள் சம்மதம் வாங்கிச் செய்ய வேண்டிய காரியம்.

இனி பணக் கதை. மரப்பலகையில் பித்தளைத் தகடு பதித்த நினைவுக் கேடயம் பதினான்கு செய்யக் கொடுத்தேன். ஒன்று 48 டாலர், மொத்தம் 672. அதன்மேல் 13 சதவீத வரி சேர்ந்து 759 டாலர் 36 சென்ட். வரியை நான் முதலில் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெயர்களை மின்னஞ்சலில் எல்லாம் பெரிய எழுத்தில் அடித்து அனுப்பினேன். ஒட்டாவாவில் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய. அவர்கள் பெயர்களில் எழுத்துக்கு மேலே சின்னக் கோடும் கீழே சின்ன வாலும் வரும். அவை இல்லாவிட்டால் உச்சரிப்பே மாறிவிடும். நமக்கு ‘ழ’வை ‘ல’ ஆக்கிப் பெயரைப் பொறித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான். கேடயங்கள் வந்தபோது நாலு பெயர்களில் குறிகள் இல்லை, இன்னொன்றில் ஒரு எழுத்தே விடுபட்டிருந்தது. கடைக்காரர் என் மின்னஞ்சலைத் திறந்து காட்டினார், நான் அனுப்பியதுபோலத்தான் அவர் செய்திருந்தார். ஐந்தையும் மறுபடி செய்ய வரியோடு 271 டாலர் 20 சென்ட். பதினொரு வருடமாக இந்த ஊரில் என் பெயரை ஒருவரும் சரியாகச் சொல்வதில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்த நான், ஐந்து பேருக்கு அதையே செய்திருந்தேன். அவரவர் கையால் ஒரு தாளில் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அதைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். பொறிக்கும் முன் மாதிரியை அனுப்பச் சொல்லி, சம்பந்தப்பட்டவரிடமோ அவர் வீட்டாரிடமோ காட்டிச் சரிபாருங்கள்.

மொத்தம் 1,030 டாலருக்கு ரசீதுகளைக் கொண்டுபோய்ப் பொருளாளரிடம் கொடுத்தேன். செலவுக்குக் கூட்டத்தில் தீர்மானம் போட்டீர்களா என்று கேட்டார். கைதட்டினார்களே என்றேன். கைதட்டல் குறிப்பில் இருந்தது, தொகை இல்லை. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, பொதுப் பணம் அப்படித்தான் இருக்க வேண்டும். கடைசியில் 400 டாலருக்கு ஒப்புதல் கிடைத்தது. மீதி 630 என் சொந்தச் செலவு. வீட்டில் நானும் என் கணவரும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எந்தச் சங்கமாக இருந்தாலும், வாங்குவதற்கு முன்னால் வரியோடு சேர்த்துத் தொகையைச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றி, அது குறிப்பில் ஏறியதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

விழா நாள். காற்றோடு சேர்த்து மைனஸ் 20-க்குப் பக்கம். இரண்டு வருடம் ஏங்கியதற்கு அருமையான ஐஸ், கூட்டம் அலைமோதியது. கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் மரியாதை செய்தால் சிறப்பாக இருக்கும் என்று மதியம் பன்னிரண்டரைக்கு வைத்திருந்தேன். கட்டடத்தின் படியில் மைக். பட்டியல் என் தொலைபேசியில் இருந்தது. கையுறையைக் கழற்றி எடுத்தேன், 60 சதவீதம் சார்ஜ் காட்டியது, இரண்டாவது பெயரில் அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரி அப்படிச் செய்யும் என்று கேள்விப்பட்டிருந்தும் தாளில் எழுதி வைத்திருக்கவில்லை. நினைவிலிருந்து பெயர்களைச் சொன்னேன். யாரும் வரவில்லை. மறுபடி சொன்னேன். ஒருவர் நெருப்புக் குழியைவிட்டு நகர முடியாமல் நின்றார், சுற்றிலும் குழந்தைகள். ஒருவர் சறுக்குப்பலகைப் பந்தயத்தில் கொடி பிடித்திருந்தார். ஒருவர் வண்டி நிறுத்துமிடத்தில் காரை வழிநடத்திக்கொண்டிருந்தார், அங்கே மைக் சத்தமே கேட்காது. ரிங்க்குக்குத் தண்ணீர் விடும் பெரியவர் ஐஸில் விழுந்த வெடிப்பை வாளித் தண்ணீரால் அடைத்துக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டு நிமிர்ந்து, கையை ஒரு தடவை உயர்த்திவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

திருவிழாவைத் தோளில் தாங்குகிறவர்களுக்குத் திருவிழா நடக்கும்போதே மரியாதை செய்ய நினைத்திருக்கிறேன். அவர்கள் வந்தால் வேலை நின்றுவிடும், வேலை நின்றால் திருவிழா நின்றுவிடும். கடைசியில் பதினான்கில் நான்கு பேர்தான் வந்தார்கள், நால்வரும் அப்போது சங்கப் பொறுப்பில் இருந்தவர்கள். வரிசையையும் பதவிப்படி வைத்திருந்தேன். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்பதில் தலைமுறை தலைமுறையாக மனக்கசப்பு வளர்ந்ததைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். மனிதர்கள் எங்கேயும் மனிதர்கள்தான். பத்தொன்பது வருடம் செய்தவருக்கு முன்னால் பதினொரு வருடம் செய்தவரை அழைத்ததைப் பலர் கவனித்திருக்கிறார்கள். சேர்ந்த ஆண்டின்படி வரிசை வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

எல்லாம் முடிந்து சமையலறைக்குள் போனேன். அந்தப் பெரியம்மா கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக மைக் சத்தம் முழுவதும் அங்கே கேட்டிருக்கும். என்னைப் பார்த்ததும், “குளிரில் நெடுநேரம் நின்றுவிட்டீர்கள்” என்று சொல்லி ஒரு கோப்பை ஹாட் சாக்லேட் கொடுத்தார். கை துடைத்தார், கோட்டை மாட்டினார், வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதுபோல “அடுத்த வருடம் பார்ப்போம்” என்று சொல்லாமல் போய்விட்டார். கூட இருந்த ஒருவர்தான் என்னிடம், “இருபத்திரண்டு வருடமாயிற்றே, இவர் பெயர் எப்படி விட்டுப்போயிற்று?” என்று கேட்டார். அந்தக் கோப்பையைக் குடிக்க முடியவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

பத்து நாள் யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் என் மகள்தான், “நேரில் போய்ப் பேசு அம்மா” என்றாள். அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. குறிப்பைப் பார்த்துப் பட்டியல் போட்டேன், உங்களை மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிறிது நேரம் கழித்து, “பலகை எனக்கு வேண்டாம். வீட்டுச் சுவரில் இடமும் இல்லை. நான் அங்கே இருந்தேன் என்று யாருக்கும் நினைவு வரவில்லையே என்றுதான் கஷ்டமாக இருந்தது” என்றார். அப்புறம் 2003-ல் முதல்முறை சூப் வைத்தபோது உப்பு போட மறந்த கதையிலிருந்து தொடங்கி இரண்டு மணி நேரம் பேசினார். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். கிளம்பும்போது, இன்னும் ஆறு பெயர்களைச் சொல்லி இவர்களையும் பாருங்கள் என்றார்.

அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வீடாகப் போனேன். விழாவுக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன், உங்களுக்கு என்ன செய்தால் மனதுக்குப் பிடிக்கும் என்று. கேடயம் என்று சொன்னவர்கள் இருவர்தான். ஒருவர் தன் பேரப்பிள்ளைகள் முன்னால் தன்னைப் பற்றி நாலு வார்த்தை யாராவது பேசினால் போதும் என்றார். ஒருவருக்கு மேடை என்றாலே பயம், பெயரைக்கூட வாசிக்க வேண்டாம் என்றார். அவருக்குக் கையால் எழுதிய ஒரு கடிதம் கொடுத்தோம். ஒருவர் ஒரே ஒரு வருடமாவது வேலை எதுவும் செய்யாமல் பேத்தியோடு திருவிழாவுக்கு வந்து சும்மா சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். ரிங்க் பெரியவர் யோசித்துவிட்டு, “செவ்வாய்க்கிழமை இரவு யாராவது தண்ணீர் விட வந்தால் நன்றாக இருக்கும், முழங்கால் ஒத்துழைக்கவில்லை” என்றார்.

ஏப்ரலில் இங்கே தேசியத் தன்னார்வலர் வாரம் வரும். பனி உருகி, வேலை ஓய்ந்த காலம். அந்த வாரத்தில் ஒரு ஞாயிறு மாலை, ரிங்க் கட்டடத்திலேயே ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சாப்பாடு வைத்தோம். இந்தத் தடவை என்னோடு இருவர், அதில் ஒருவர் இருபது வருடக்காரர். மேடை இல்லை, மைக் இல்லை. பழைய படங்களைச் சுவரில் ஒட்டி, கீழே பேனா வைத்து, தெரிந்த பெயர்களை எழுதச் சொன்னோம். மொத்தச் செலவு 90 டாலருக்குள். நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தையும் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தையும் சில வாரம் முன்பே கேட்டால் வாழ்த்துச் சான்றிதழ் இலவசமாகவே தருவார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அழைப்பின்பேரில் இறந்தவரின் மனைவியும் வந்திருந்தார். கணவரின் கேடயத்தை வாங்கிக்கொண்டு, அவர் வரைந்த ரிங்க் விளக்குக் கம்பங்களின் வரைபடத்தை எங்களிடம் கொடுத்தார். இப்போது அது கட்டடச் சுவரில் இருக்கிறது. சமையலறைப் பெரியம்மா வந்தார். சூப் நாங்கள் வைத்தோம், உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர்தான் பார்த்துச் சொன்னார்.

ஒன்டாரியோவில் இருப்பவர்கள் இன்னும் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். மாகாண அரசின் தன்னார்வச் சேவை விருது என்று ஒன்று உண்டு. ஐந்து, பத்து, பதினைந்து என்று தொடர்ந்து சேவை செய்த ஆண்டுகளைக் குறித்த சட்டைப்பின் கொடுப்பார்கள். சங்கம்தான் பரிந்துரைக்க வேண்டும், அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. நான் கேள்விப்பட்டபோது அந்த வருடத்துக்கான தேதி போய்விட்டது. அதற்கு இத்தனை ஆண்டுகள் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் பதிவே இல்லை. அதனால் இப்போது கட்டடத்தில் ஒரு நோட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், வருபவர் பெயர், தேதி, என்ன வேலை, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளின் 40 மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போடவும் அது உதவுகிறது. இன்னொன்று, கவர்னர் ஜெனரல் அலுவலகம் வழியாக வரும் தன்னார்வலர்களுக்கான அரச பதக்கம். 2015-ல் ஏற்படுத்தியது, கனடாவின் அதிகாரபூர்வ விருதுகளில் ஒன்று. யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், கட்டணம் இல்லை. முடிவு வர நெடுநாள் ஆகும் என்பதால், அந்த மனிதர் நல்ல உடல்நிலையோடு இருக்கும்போதே எழுதிவிடுங்கள். நாங்கள் ஒருவருக்காக எழுதியிருக்கிறோம். யாருக்கென்று இங்கே சொல்லவில்லை, அவருக்கும் இன்னும் தெரியாது.

இந்தக் குளிர்காலத்தில் செவ்வாய் இரவுகள் எனக்கும் என் கணவருக்கும். பத்து மணிக்கு விளக்கு அணைந்ததும் போகிறோம். முதல் செவ்வாய்க்கிழமை நான் தண்ணீரை அதிகமாக விட்டு ஒரு மூலையில் மேடு விழுந்துவிட்டது. மறுநாள் பெரியவர் அதைச் சுரண்டிச் சரிசெய்திருந்தார், எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் தூக்கம் வரவில்லை என்று சொல்லி நடந்துவந்தார். வேலியில் சாய்ந்து நின்று நாங்கள் செய்வதைப் பார்த்தார். நாலு படலம் விட்டு முடித்ததும், ஹோஸ் பைப்பை உள்ளே எடுத்துவைக்கும் முன் ஒரு முனையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, கடைசிவரை நடந்து தண்ணீரை முழுக்க வடித்துவிடச் சொன்னார், இல்லாவிட்டால் உள்ளேயே உறைந்து அடுத்தவருக்குப் பைப் உதவாது என்று. என் கணவர் அப்படியே செய்தார். பெரியவர் பைப் சுருளைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமையும் முடியுமா என்று கேட்டார்.